மூன்று விபத்துக்குப் பிறகு தம்பியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி ட்ரக் ஓட்ட முடியுமா?

மாலைவெயில்:

என் தம்பிக்காகக் கேட்கிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியில் நெடுந்தூர ட்ரக் ஓட்டிக்கொண்டிருந்தான், ஏ வகுப்பு சி.டி.எல், அதாவது கனரக வண்டி உரிமம், ஓட்ட ஆரம்பித்து இன்னும் ஒரு வருஷம்கூட முடியவில்லை. போன வாரம் கூப்பிட்டு சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் காரணம் ஒரே வரிதான், தொடர்ந்து ‘பிரிவென்டபிள்’ விபத்துகள், அதாவது அவன் தவிர்த்திருக்கக்கூடியவை என்று. அவன் எப்போதும் ரோட்டிலேயே இருப்பதால் அவனுடைய பேப்பர் வேலை எல்லாம் நான்தான் பார்ப்பேன், அதனால் இதையும் நானே எழுதுகிறேன்.

முதலாவது ட்ரக் ஸ்டாப்பில். காலையில் வண்டியை வெளியே எடுத்துத் திருப்பும்போது ட்ரெய்லரின் பின்மூலை பக்கத்தில் நின்ற வண்டியின் ஹூட்டில், அதாவது எஞ்சின் மூடியில், பட்டுக் கிழித்துவிட்டது. இரண்டாவது ஒரு கிடங்கில், வலது பக்கமாக ரிவர்ஸ் எடுக்கும்போது, சரக்கு ஏற்றி இறக்கும் டாக் ஓரத்தில் நட்டிருந்த மஞ்சள் இரும்புக் கம்பத்தில் இடித்தான். மூன்றாவதுதான் பெரிசு. மழையில் நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் திடீரென்று வேகம் குறைத்தது, இவன் பிரேக் போட்டும் நிற்காமல் போய் அதன் பின்பக்கம் மோதிவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. போலீஸ் வந்தது, ஆனால் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எதுவும் கொடுக்கவில்லை.

போலீஸே தப்பு என்று சொல்லாதபோது கம்பெனி எப்படித் தப்பு என்று எழுதலாம்? அவன் கூட ஓட்டுகிறவர்கள், முதல் இரண்டுக்கும் போலீஸ் ரிப்போர்ட்டே கிடையாது, அடுத்த இடத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிடு என்கிறார்கள். அது சரியா? அப்புறம், விபத்தால் வேலை போனால் வேலையில்லாதோர் உதவித்தொகை கிடைக்காது என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா? இவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், யாரிடமும் பேசுவதில்லை. கார் சாவியைக்கூடத் தொடமாட்டேன் என்கிறான். ட்ரக் ஓட்டுவதுதான் அவன் ஆசைப்பட்டு எடுத்த வேலை, கடன் வாங்கிப் படித்து உரிமம் எடுத்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை ஆந்தை:

அக்கா, முதலில் அந்த டிக்கெட் விஷயம். போலீஸ் பார்ப்பது சட்டத்தை மீறினாரா என்று. கம்பெனி பார்ப்பது வேறு. நேஷனல் சேஃப்டி கவுன்சில் சொல்லும் வரையறையைத்தான் பெரும்பாலான கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. மோதலைத் தவிர்க்க ஓட்டுநர் நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தாரா, செய்யாமல் எதையாவது விட்டிருந்தால் அது பிரிவென்டபிள். யார் மேல் சட்டப்படி தப்பு என்ற கேள்வியே அங்கே வராது. எதிரில் வந்தவன் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து மோதினாலும்கூட, நீ அவனைக் கவனித்து வேகம் குறைத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். அந்த அளவுகோல் கடுமையாகத் தோன்றலாம், ஆனால் எண்பதாயிரம் பவுண்டு வண்டியைச் சாலையில் விடும்போது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்றாவது விபத்தை நான் சேஃப்டி ஆளாக இருந்தாலும் பிரிவென்டபிள் என்றுதான் எழுதியிருப்பேன். முன்னால் போகிற கார் திடீரென்று வேகம் குறைப்பது தினமும் நடக்கிற விஷயம், அதற்காகத்தான் இடைவெளி. சி.டி.எல் கையேட்டில் இருக்கிற கணக்கு இது: வண்டி நீளத்தில் ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு விநாடி, மணிக்கு 40 மைலுக்கு மேல் போனால் இன்னும் ஒரு விநாடி. அவன் வண்டி ட்ரெய்லரோடு சேர்த்து எழுபது அடி இருக்கும், அப்படியென்றால் எட்டு விநாடி. காய்ந்த சாலையில் 55 மைலில் போகும்போதே ஆபத்தைக் கண்டு, காலை எடுத்து, பிரேக் பிடித்து முழுசாக நிற்க ஏறக்குறைய 419 அடி ஆகும் என்று அதே கையேடு சொல்கிறது. மழை என்றால் வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கச் சொல்கிறது, 55ல் போகிறவன் 35க்கு வர வேண்டும். மழையில் 35ல் போனால் பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும். எட்டு விநாடி இடம் விட்டால் கார்கள் வந்து வந்து நடுவில் நுழையும், அதுவும் தெரியும். நுழைந்தால் காலைக் கொஞ்சம் எடுத்து மறுபடி இடம் விட வேண்டியதுதான். நாள் முழுக்க அப்படி விட்டுக்கொண்டே போனாலும் போய்ச் சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வராது.

தம்பியிடம் எட்டு விநாடி எண்ணச் சொல்லுங்கள். பாலத்தின் நிழலை முன்வண்டி தாண்டும்போது ஆரம்பித்து, தன் வண்டி அங்கே வரும்வரை வாய்விட்டு எண்ண வேண்டும். மனசுக்குள் எண்ணினால் எல்லாருக்கும் வேகமாக ஓடிவிடும்.

கோப்புக்காரர்:

நான் முன்பு ஒரு கம்பெனியின் சேஃப்டி அலுவலகத்தில் விண்ணப்பங்கள் பார்க்கும் வேலையில் இருந்தேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மறைக்கச் சொல்கிறவர்கள் தம்பிக்கு நல்லது செய்யவில்லை. ஓட்டுநர் வேலைக்கான விண்ணப்பத்தில் கடந்த மூன்று வருஷத்தில் நடந்த எல்லா வாகன விபத்தையும் எழுத வேண்டும் என்பது மத்திய விதி, கடைசியில் எல்லாம் உண்மை என்று கையெழுத்தும் போட வேண்டும். புதுக் கம்பெனி, முந்தைய மூன்று வருஷம் அவன் ஓட்டிய கம்பெனிகளிடம் விசாரித்தே ஆக வேண்டும், பழைய கம்பெனி முப்பது நாளுக்குள் பதில் சொல்லியே ஆக வேண்டும். 391.23 என்ற பிரிவு அது. உயிர்ச்சேதம், உடனே சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டிய காயம், வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டிய சேதம், இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் அரசாங்கக் கணக்கில் அது ‘விபத்து’. ஹூட் கிழிந்தது, கம்பத்தில் இடித்தது எல்லாம் அதில் வராது. வராவிட்டாலும், கம்பெனி தன் சொந்தப் பதிவில் வைத்திருக்கிற சின்ன விபத்துகளையும் விரும்பினால் சொல்லலாம் என்று அதே விதி இடம் கொடுக்கிறது, பெரிய கம்பெனிகளில் சொல்கிறவர்கள் நிறைய. ஆக, போலீஸ் ரிப்போர்ட் இல்லை என்பதால் அது யாருக்கும் தெரியாது என்று நினைப்பது தப்பு.

எங்களிடம் வந்த விண்ணப்பங்களில் இரண்டு வகை இருக்கும். ஒருவர் மூன்று விபத்து எழுதி, ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, அதற்குப் பிறகு தான் எதை மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதியிருப்பார். இன்னொருவர் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார், ரிப்போர்ட்டில் ஒன்று வந்து நிற்கும். இரண்டாமவரின் விபத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்தக் கோப்பு அங்கேயே மூடிவிடும், ஏனென்றால் இனி அவர் எழுதிய எதையும் நம்ப முடியாது.

இப்போது செய்ய வேண்டியது இதுதான், எங்கேயும் விண்ணப்பிப்பதற்கு முன்னால் அவனைப் பற்றி ஊரெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று அவனே முதலில் படிக்க வேண்டும். டி.ஏ.சி ரிப்போர்ட் என்று சொல்வார்களே, அது ஓட்டுநரின் பழைய வேலை விவரங்களை வைத்து ஹயர்ரைட் என்ற நிறுவனம் வைத்திருப்பது. வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், அது ஓட்டுநரின் உரிமை. அடுத்தது பி.எஸ்.பி, இது எஃப்.எம்.சி.எஸ்.ஏ என்ற அரசு அமைப்பின் பதிவு, ஐந்து வருஷ விபத்தும் மூன்று வருஷ சாலைச் சோதனைகளும் அதில் இருக்கும், பத்து டாலர் கட்டி எடுக்கலாம். பி.எஸ்.பியில் விபத்து யாருடைய தப்பு என்று இருக்காது, நடந்தது என்று மட்டும் இருக்கும். இரண்டும் கையில் வந்ததும் ஒரு வரி விடாமல் படியுங்கள், தேதி, இடம், சேதம், எல்லாம்.

மாலைவெயில்:

ரொம்ப நன்றி. ஆந்தை அண்ணா எழுதியதை அவனிடம் அப்படியே காட்டினேன். எட்டு விநாடி என்று படிக்கும்போது தெரியும் என்றான், ஆனால் வண்டியில் அப்படி விட்டது இல்லை என்று அவனே சொன்னான். இத்தனை நாளில் அவன் வாய் திறந்து பேசியது இதுதான்.

கோப்புக்காரர் சொன்ன பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது விபத்தில் ‘மற்ற வாகனம் இழுத்துச் செல்லப்பட்டது’ என்று இருக்கிறது. அது நடக்கவே இல்லை. அந்தக் காரை ஓட்டி வந்தவர் போலீஸ் போன பிறகு அதை ஓட்டிக்கொண்டே போனார். தம்பி போனில் எடுத்த படங்களில் கார் சாலை ஓரத்தில் நிற்கிறது, பின்பம்பர் நசுங்கியிருக்கிறது, டிக்கி மூடித்தான் இருக்கிறது, நாலு சக்கரமும் நன்றாக இருக்கிறது. கடைசிப் படத்தில் அது சிக்னல் போட்டுச் சாலைக்குள் ஏறுவதுகூட இருக்கிறது, கம்பெனிக்கு அனுப்ப எடுத்தானாம். இது முக்கியமா, இல்லை நான் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனா?

கோப்புக்காரர்:

ரொம்ப முக்கியம், அம்மா. இழுத்துச் சென்றார்கள் என்றால் அது அரசாங்கக் கணக்கில் வருகிற விபத்து. இழுக்கவில்லை, காயமும் இல்லை என்றால் வராது. அடுத்த கம்பெனியும் அதன் இன்சூரன்ஸும் முதலில் பார்க்கிற கட்டமே அதுதான்.

பழைய கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள், தபாலில், கிடைத்ததற்குச் சான்று வருகிற மாதிரி. எந்த வரி தவறு, சரியான தகவல் என்ன, அதற்கு ஆதாரம் என்ன, இவ்வளவு போதும், கோபம் வேண்டாம். திருத்தக் கேட்டால் பதினைந்து நாளுக்குள் ஒன்று திருத்த வேண்டும், அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிவிக்க வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அவன் மறுப்புக் கடிதம் கொடுக்கலாம், அதன் பிறகு அவனுடைய பதிவு எங்கே போனாலும் அந்தக் கடிதமும் கூடவே போக வேண்டும். டி.ஏ.சியிலும் அதே தவறு இருந்தால் அங்கே தனியாக ஆட்சேபம் போடுங்கள், பொதுவாக முப்பது நாளுக்குள் விசாரித்துச் சொல்ல வேண்டும். பி.எஸ்.பியில் இருந்தால் டேட்டாக்யூஸ் என்ற தளத்தில் போட வேண்டும், அங்கே போலீஸ் ரிப்போர்ட்டின் நகலும் அந்தப் படங்களும் வேண்டும். மூன்றும் மூன்று கதவு. ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாகத் திருந்திவிடாது, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லி நேரத்தை வீணாக்காமல் இருக்க. எஃப்.எம்.சி.எஸ்.ஏயில் விபத்து தவிர்க்க முடியாதது என்று தீர்மானித்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று 2020லிருந்து இருக்கிறது. நின்றுகொண்டிருந்த ட்ரக்கை வந்து இடித்தது, பின்னாலிருந்து மோதியது, தவறான திசையில் வந்தது, மிருகம் குறுக்கே பாய்ந்தது, இந்த மாதிரி சில வகைகளுக்கும், நடந்தது வீடியோவில் தெளிவாகத் தெரிகிற மற்ற விபத்துகளுக்கும்தான். நாம் போய் முன்வண்டியின் பின்னால் மோதியது அந்த வகைகளில் இல்லை. அந்த மோதலைப் பிரிவென்டபிள் இல்லை என்று வாதாடவும் வேண்டாம். இழுத்துப் போனார்கள் என்ற பொய்யை மட்டும் எடுங்கள். ஒன்றில் நேர்மையாக இருந்தால் இன்னொன்றில் நீங்கள் சொல்வதற்கு மதிப்பு இருக்கும்.

பின்கண்ணாடி:

முதல் இரண்டு விபத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் கவலை. சாலையில் மோதியதை விட, நடக்கிற வேகத்தில் நடப்பவைதான் புது ஓட்டுநர்களின் வேலையை அதிகம் எடுக்கின்றன, நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளில் பார்த்தது அது. ஒவ்வொன்றும் சின்னது, அதனால் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள், அந்த ட்ரக் ஸ்டாப்பில் அன்று டான்டம் எங்கே இருந்தது? ட்ரெய்லரின் பின்சக்கரத் தொகுதியை முன்னும் பின்னும் நகர்த்தலாம் இல்லையா, எடையைச் சரிசெய்ய அப்படிச் செய்வோம். முன்னால் தள்ளினால் வளைவில் ட்ரெய்லர் உள்பக்கம் குறைவாக வெட்டும், அது சுகம். ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற பெட்டி நீண்டுவிடும். கலிபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து, அதாவது ட்ரெய்லரை இழுக்கும் வண்டியோடு மாட்டுகிற இரும்பு முளையிலிருந்து, கடைசி அச்சுக்கு நாற்பது அடிக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த அளவுக்கு நகர்த்திய 53 அடி ட்ரெய்லரில் கடைசி அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய பத்து அடி தொங்கும். ட்ரெய்லரை இழுக்கிற வண்டியை இடது பக்கம் ஒடித்தால் அந்தப் பத்து அடி வலது பக்கம் வீசும். ஓட்டுகிறவர் இடது கண்ணாடியில் ட்ரெய்லர் உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அடி விழுவது வலது பக்கம். ட்ரக் ஸ்டாப்பில் பக்கத்து வண்டிக்காரரின் ஹூட் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கு வழி ரொம்ப எளிது. வெளியே வரும்போது நேராக வா, உன் ட்ரெய்லரின் பின்முனை பக்கத்து வண்டியின் மூக்கைத் தாண்டும்வரை ஸ்டீரிங்கைத் திருப்பாதே. எதிரே இடம் இல்லாமல் அவ்வளவு தூரம் நேராக வர முடியாது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு, வீசுகிற பக்கத்துக் கண்ணாடியையும் பார், சந்தேகம் வந்தால் நிறுத்தி இறங்கு. பக்கத்து வண்டியில் ஆள் இருந்தால் கதவைத் தட்டிப் பார்க்கச் சொல்வதில் வெட்கமே இல்லை. தூக்கத்தில் எழுப்பியதற்குச் சிலர் திட்டுவார்கள், ஆனால் ஹூட் போனால் அவர்கள் வேலையும் நிற்கும் என்று அவர்களுக்கும் தெரியும்.

கம்பம் விஷயம். வலது பக்கமாக ரிவர்ஸ் எடுத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது குருட்டுப் பக்கம். வண்டி ஒடிய ஒடிய வலது கண்ணாடியில் ட்ரெய்லரின் பக்கச் சுவர் மட்டும்தான் தெரியும், பின்மூலை தெரியவே தெரியாது, கம்பம் இருப்பது அந்த மூலையில்தான். முடிந்தவரை அப்படி எடுக்கவே கூடாது. கிடங்கைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தாவது ஓட்டுநர் பக்கமாக வருகிற மாதிரி நிறுத்திக்கொள்ள வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் இறங்கிப் பார்க்க வேண்டும், ஒரு தடவை இல்லை, வண்டியின் கோணம் மாறுகிற ஒவ்வொரு தடவையும். ரேடியோ நிற்க வேண்டும், இரண்டு ஜன்னலும் இறங்கியிருக்க வேண்டும், நாலு விளக்கும் மின்ன வேண்டும்.

உரிமத் தேர்வில் இறங்கிப் பார்ப்பதற்கும் முன்னால் எடுத்துச் சரிசெய்வதற்கும் கணக்கு வைப்பார்கள், அதிகமானால் புள்ளி போகும். அந்தப் பழக்கம் பிள்ளைகளின் மனதில் தங்கிவிடுகிறது, இறங்கினால் தோற்றுவிட்ட மாதிரி. டாக்கில் யாரும் புள்ளி போடுவதில்லை. மற்ற ட்ரக்காரர்கள் வரிசையில் காத்திருப்பார்கள், ஒருவன் சிரிப்பான், போகட்டும். இருபது தடவை முன்னும் பின்னும் எடுத்தாலும் இடிக்காமல் சேர்ந்தால் அது நல்ல ரிவர்ஸ்.

யார்டு:

எல்லாரும் தம்பி மேலேயே போடுகிறீர்கள். ஒரு வருஷம் முடியாத பையனை இடமே இல்லாத கிடங்குகளுக்கு அனுப்புவது யார்? பயிற்சி என்று சில வாரம் ஒருவருடன் உட்கார வைப்பார்கள், அந்தப் பயிற்சியாளரும் தூங்கிக்கொண்டிருப்பார், ஏனென்றால் இரண்டு பேருமாக மாறி மாறி ஓட்டி மைல் சேர்ப்பதுதான் அங்கே நடப்பது. முதல் விபத்துக்குப் பிறகே அவனைக் கூப்பிட்டு ரிவர்ஸ் பயிற்சி கொடுத்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது. ஒரு ஆன்லைன் வீடியோவைப் பார்க்க வைத்து டிக் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வேலையை விட்டு எடுக்கும்போது மட்டும் எல்லாம் அவன் தவிர்த்திருக்கலாம் என்றால் கம்பெனி தவிர்த்திருக்கக்கூடியது எதுவுமே இல்லையா?

ஆந்தை சொன்ன எட்டு விநாடியை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரம் தவறினால் கேள்வி கேட்கிற டிஸ்பாட்ச், அதாவது வண்டிகளுக்கு வேலை ஒதுக்குகிறவர்கள், ஒரு பக்கம் போனில் நிற்கும்போது மழையில் 35ல் போக எத்தனை புதுப் பையன்களுக்குத் தைரியம் வரும்?

நெடுஞ்சாலை ஆந்தை:

யார்டு சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. பயிற்சி விஷயத்தில் முழு நியாயம். ஆனால் அந்த அழுத்தத்துக்கு விதியிலேயே பதில் இருக்கிறது, மழை, பனி, மூடுபனி என்று நிலைமை மோசமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், ரொம்ப மோசமானால் வண்டியையே நிறுத்த வேண்டும், அது 392.14. டிஸ்பாட்ச் கேட்டால் குரலில் பேசாமல் வண்டியிலிருக்கிற மெசேஜில் எழுதச் சொல்லுங்கள்: மழை, பார்வை குறைவு, தாமதமாக வருவேன். எழுத்தில் வந்த பிறகு வற்புறுத்துகிறவர்கள் ரொம்பக் குறைவு. அடுத்த வேலையில் முதல் நாளிலிருந்தே இந்தப் பழக்கம் வேண்டும்.

சம்பளச்சீட்டு:

உதவித்தொகை பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் வருகிறேன். விபத்தால் வேலை போனால் கிடைக்காது என்பது பொதுவாகத் தவறு. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுதான், ஆனால் பல இடங்களில் கேள்வி ஒன்றுதான், இது வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனமா, இல்லை திறமைக்குறைவோ தற்செயலான கவனக்குறைவோ? 1941ல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பாய்ன்டன் கேப் வழக்கு இதே மாதிரிதான், சின்ன விபத்துகளுக்காக வேலை போன ஒரு டாக்ஸி ஓட்டுநர். முதலாளியின் நலனை வேண்டுமென்றே அலட்சியப்படுத்துவதுதான் ஒழுங்கீனம், தனித்தனியாக நடக்கிற சாதாரணக் கவனக்குறைவு ஒழுங்கீனம் ஆகாது என்று சொல்லி ஓட்டுநர் பக்கம் தீர்ப்பு வந்தது. பல மாநிலங்கள் அந்த வரையறையைத்தான் பிறகு எடுத்துக்கொண்டன.

அதே தீர்ப்பில் ஒரு கொக்கியும் இருக்கிறது. கவனக்குறைவு திரும்பத் திரும்ப நடந்தால் அதுவும் ஒழுங்கீனத்துக்குச் சமமாகலாம். கம்பெனி ‘தொடர்ந்து’ என்ற சொல்லைக் கடிதத்தில் போட்டிருப்பது அதற்காகக்கூட இருக்கலாம். உங்கள் பக்கம் சொல்ல வேண்டியது, மூன்றும் மூன்று விதம், ஒரே தவறை எச்சரித்த பிறகும் மறுபடி செய்யவில்லை, ஒவ்வொன்றையும் அவனே உடனே கம்பெனிக்குத் தெரிவித்தான், இவை உண்மையாக இருந்தால் மட்டும். இன்றே விண்ணப்பியுங்கள், காத்திருக்காதீர்கள். மறுத்தால் மேல்முறையீட்டுக்கு நாள் ரொம்பக் குறைவாகத்தான் கொடுப்பார்கள், கடிதம் வந்த அன்றே தேதியைப் பாருங்கள். மேல்முறையீடு நடக்கும்போதும் வாராவாரம் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஜெயித்தாலும் அந்த வாரங்களுக்குப் பணம் வராது.

மாலைவெயில்:

விண்ணப்பம் போட்டுவிட்டேன். இரண்டு ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. பி.எஸ்.பியில் அந்த விபத்தே இல்லை. டி.ஏ.சியில் இருக்கிறது, இழுத்துச் சென்றதாகவே இருக்கிறது, அதனால் அங்கேயும் கம்பெனிக்கும் படங்களோடு அனுப்பியிருக்கிறேன்.

டான்டம் கேள்வியை அவனிடம் கேட்டேன். அன்று இழுக்கிற வண்டியின் பின்பக்க டிரைவ் அச்சில் 34,000 பவுண்டுக்கு மேல் காட்டியதால் முன்தினம் இரவு டான்டத்தை முன்னால் தள்ளினானாம், காலையில் அது ஞாபகமே இல்லாமல் வழக்கம் போல ஒடித்திருக்கிறான். ஒரு தாளை எடுத்து வண்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து, பின்மூலை எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே விளக்கினான். அரை மணி நேரம் பேசினான். பின்கண்ணாடி அண்ணாவுக்கு அவன் சார்பில் நன்றி.

மூன்று கம்பெனிகளுக்கு உண்மையை எழுதியே விண்ணப்பித்திருக்கிறோம். ஒன்று உடனே மறுத்துவிட்டது. இன்னொன்றிலிருந்து ஆள் எடுப்பவர் போன் செய்து, பரவாயில்லை, திங்கட்கிழமை புது ஆட்களுக்கான ஓரியன்டேஷனுக்கு வந்துவிடு, பஸ் டிக்கெட் அனுப்புகிறேன் என்கிறார். தம்பிக்கு உடனே கிளம்ப வேண்டும். எனக்குத்தான் பயமாக இருக்கிறது, இவ்வளவு சுலபமாகவா?

கோப்புக்காரர்:

பஸ் ஏற வேண்டாம், இன்னும். ஆள் எடுப்பவரின் வேலை ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது, முடிவு செய்வது சேஃப்டி துறையும் இன்சூரன்ஸும். ஓரியன்டேஷனுக்குப் போய் இரண்டாவது நாள் ரிப்போர்ட் வந்ததும் திருப்பி அனுப்பப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஊர் திரும்புகிற செலவுகூட அவர்கள் தலையில். ஒரு மின்னஞ்சல் போடுங்கள், மூன்று விபத்தையும் தேதியோடு எழுதி, பழைய வேலையிலிருந்து நீக்கப்பட்டதையும் எழுதி, டி.ஏ.சியில் ஒரு வரிக்கு ஆட்சேபம் போட்டிருப்பதையும் சொல்லி, இதையெல்லாம் பார்த்த பிறகு சேஃப்டி துறை ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று எழுத்தில் பதில் தரும்படி கேளுங்கள். பதில் வந்தால் தாராளமாகப் போகலாம். வராவிட்டால் மூன்றாவது கம்பெனிக்குக் காத்திருங்கள்.

அப்புறம், எங்கே சேர்ந்தாலும் மறுபடி ஒரு பயிற்சியாளருடன் சில வாரம் போகச் சொன்னால் சம்பளம் குறைவு என்று மறுக்க வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் தன்னையே எடுக்க விடச் சொல்லி அவன் கேட்க வேண்டும்.

பின்கண்ணாடி:

அந்தத் தாளில் வரைந்தான் என்றீர்களே, அதே மாதிரி குருட்டுப் பக்க ரிவர்ஸையும் வரையச் சொல்லுங்கள், கண்ணாடியில் எது தெரியும் எது தெரியாது என்று நிழல் போட்டு. பயிற்சியாளருடன் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகட்டும். இரவில் டான்டம் நகர்த்தினால் ஸ்டீரிங்கில் ஒரு டேப் துண்டு ஒட்டிவிட்டுத்தான் தூங்க வேண்டும், காலையில் கை அதில் பட்டதும் ஞாபகம் வரும்.

மாலைவெயில்:

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதில் வரும்வரை போக மாட்டான். டேப் வாங்க இப்போதுதான் வெளியே போனான், காரை அவனே ஓட்டிக்கொண்டு.